படம், குரல், நான்

மொன்றியலுக்கு எதிர்க்கரையில், லொங்குய்ய் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில், எட்டாவது மாடியில் எங்கள் வீடு. யன்னலைத் திறந்தால் சென் லோரன் ஆறு. மஞ்சள் பாதையில் ஒரே ஒரு நிலையம் தள்ளி நோத்ர்டாம் தீவு. 1967 உலகக் கண்காட்சிக்காக, மெற்றோச் சுரங்கம் தோண்டிய கல்லையும் ஆற்று மண்ணையும் கொட்டி எழுப்பிய தீவு அது. 1978இல் போர்முலா ஒன் கார்ப் பந்தயமான கனடா கிராண்ட் பிரீ அங்கே வந்தது. பந்தய நாளில் காற்று எங்கள் பக்கம் அடித்தால், வண்டிகள் வளைவுக்கு முன்னால் கியர் இறக்குவது வரைக்கும் சமையலறையில் கேட்கும்.

இப்போது இணையவழியில்தான் பந்தயம் பார்க்கிறேன். அது அரை நிமிடமளவில் பிந்தி வரும். திரையில் வண்டிகள் இன்னும் வரிசையில் வந்து நின்றுகொண்டிருக்கும்போதே, ஆற்றைத் தாண்டி அத்தனை இயந்திரங்களும் ஒன்றாகக் குமுறும். அந்த அரை நிமிடம் எனக்கு மிகவும் பிடித்தமான நேரம். நடந்தது நடந்துவிட்டது, யாரும் இன்னும் அதை எனக்குச் சொல்லவில்லை.

நான் எழுதுவது பந்தயத்தைப் பற்றி அல்ல. தொலைக்காட்சி அதை எப்படிக் காட்டியது, வர்ணனையாளர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்பதைத்தான் 2005இலிருந்து இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் எழுதி வருகிறேன். வாசகர்கள் கூடுதலாக ராக்சி ஓடுபவர்கள், கராஜில் வேலை செய்பவர்கள். ஐரோப்பியப் பந்தயங்களை ஞாயிறு காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தேத்தண்ணியோடு பார்த்துவிட்டு, அடுத்த கிழமை என் பத்தியை வாசித்துவிட்டுப் போன் எடுப்பார்கள்.

இந்த ஊரில் அப்படி எழுதுவதற்கு ஒரு வசதி உண்டு. ஒரே பந்தயம் இரண்டு மொழியில் வரும். ஆர்.டி.எஸ். அலைவரிசையில் பிரெஞ்சுக் குரல். டி.எஸ்.என். அலைவரிசையில் பிரித்தானியாவிலிருந்து வரும் ஆங்கிலக் குரல். பிரெஞ்சு அயலவர் ஆங்கிலக் குரலில் பிரித்தானியப் பாசம் வழிகிறது என்பார். ஆங்கிலம் பேசுபவர் பிரெஞ்சுக் குரலில் கியூபெக் பாசம் என்பார். தன் மொழியில் வருவதில் எவரும் குறை கண்டு நான் பார்க்கவில்லை. இரண்டும் என் மொழியில்லை, ஆகவே நான்தான் நடுவில் நிற்கிறேன் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் எழுதத் தொடங்கினேன். அது எவ்வளவு பிழை என்று தெரியப் பல வருடம் எடுத்தது.

2005 ஜூன். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஓடிய வருடம். போர்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் அவர். எங்களுக்கு இந்தியர் என்பதைவிட அந்தப் பெயர்தான் பெரிது. கார்த்திகேயன். கந்தசாமி கோவில் தேரில் கேட்ட பெயர், மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் எங்கள் ஆற்றுத் தீவில் ஓடுகிறது. ஹேர்பின் வளைவுப் பக்கம் நின்று, 19ஆம் இலக்க மஞ்சள் வண்டி வரும்போதெல்லாம் நாங்கள் நாலு பேர் தொண்டை கிழியக் கத்தினோம். அன்று அவரால் பந்தயத்தை முடிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு இண்டியனாபொலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சாய்வான கடைசி வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் ரயர் போய், வண்டி சுவரில் மோதியது. அந்த வளைவில் தங்கள் ரயர் தாங்குமென்று மிஷலின் கொம்பனியால் உறுதி கொடுக்க முடியவில்லை. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வையுங்கள் என்று அணிகள் கேட்டன. சர்வதேச மோட்டார் சம்மேளனம் மறுத்தது. ஞாயிறன்று இருபது வண்டிகளும் அறிமுகச் சுற்று ஓடின. அது முடிய, மிஷலின் ரயர் பூட்டிய பதினாலும் நேரே தங்கள் கராஜ்களுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் ரயரில் ஓடிய ஆறு வண்டிகள் மட்டும் எஞ்சின. இரண்டு பெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. சனம் போத்தல்களைத் தடத்தில் எறிந்தது. மைக்கேல் ஷூமாக்கர் முதலாவது, பாரிக்கெல்லோ இரண்டாவது, மொன்டெய்ரோ மூன்றாவது, நரேன் நாலாவது. ஐந்து புள்ளி. ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள்.

நான் பார்த்த ஒளிபரப்பில் அதைக் கொண்டாட ஒருவரும் இல்லை. வெட்கக்கேடு, கேலிக்கூத்து என்றே இரண்டு மணி நேரம் கதைத்தார்கள். நரேனின் பெயரை வாய்க்கு வந்தபடி உச்சரித்தார்கள். அன்றிரவே இருந்து எழுதினேன். வெள்ளைக்காரன் நாலாவதாக வந்திருந்தால் இப்படிக் கதைப்பீர்களா என்று கேட்டேன். படப்பிடிப்பாளர் வேண்டுமென்றே நரேனை ஒதுக்கினார் என்று எழுதினேன். நரேனைத் திரையில் காட்டவேயில்லை என்று அடித்துச் சொன்னேன். அதுவரை நான் எழுதிய எதற்கும் அவ்வளவு போன் வந்ததில்லை. ஆசிரியருக்குப் பெரிய சந்தோசம். இப்படியே சூடாகத் தாரும் என்றார்.

ஒரேயொருவர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். கைதடியில் கராஜ் வைத்திருந்து, இங்கேயும் கராஜே நடத்திய அண்ணை ஒருவர். என் காரின் பிரேக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, கையைத் துடைத்தபடி கேட்டார்.

“தம்பி, நீர் எழுதினதை வாசிச்சனான். உம்மட நரேன் மிஷலின் ரயரில ஓடியிருந்தா என்ன எழுதியிருப்பீர்?”

எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

“உயிரை மதிச்சு உள்ள போனவன் எண்டு எழுதியிருப்பீர். ஓடின ஆறு பேரையும் வெக்கமில்லாதவை எண்டிருப்பீர். ரயர் மட்டும்தானே தம்பி வித்தியாசம்?”

வீட்டுக்கு வந்து, பதிந்து வைத்திருந்த வீடியோ நாடாவை முதலிலிருந்து போட்டேன். கையில் கடிகாரமும் கொப்பியும். நான் இல்லை என்று எழுதிய காட்சிகள் அதில் இருந்தன. நிறைய என்று சொல்லமாட்டேன், ஆனால் இருந்தன. நரேனைக் காட்டிய ஒரு நேரம், நான் ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து, பார்த்தியா பார்த்தியா என்று மச்சானிடம் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவருடைய நல்ல நேரத்தை என் சந்தோசமே மறைத்துவிட்டது. பிறகு அந்த வெறுமையை ஒரு படப்பிடிப்பாளரின் தலையில் கட்டிவிட்டேன். வெட்கக்கேடு என்று வர்ணனையாளர்கள் சொன்னது நரேனை அல்ல, அந்த நாளை. காசு கொடுத்து வந்த சனத்துக்கு அன்று நடந்தது வெட்கக்கேடுதான்.

பெயரை உச்சரித்த விதம் பற்றி எழுதியதை மட்டும் நான் இன்றும் மாற்றமாட்டேன். அது சரியான குறை.

அன்று தொடங்கியதுதான் கொப்பிப் பழக்கம். பக்கத்தை மூன்றாக மடிப்பேன். முதல் மடிப்பில் படம். இரண்டாவதில் குரல். மூன்றாவதில் நான். படத்தையும் குரலையும் பிரித்ததற்குக் காரணம், அவை வேறு வேறு ஆட்களின் வேலை. எங்கள் அலைவரிசை மொன்றியல் ஓட்டுநர் ஸ்ட்ரோலை அளவுக்கு மிஞ்சிக் காட்டுகிறது, மற்ற அலைவரிசை பிரித்தானிய ஓட்டுநர் ஹமில்ட்டனையே காட்டுகிறது என்று இங்கே தினமும் கேட்கலாம். இரண்டிலும் வருவது ஒரே படம். உலகம் முழுக்க ஒரே படம்தான் போகிறது. எந்த வண்டி, எந்தக் கோணம், எந்த மறுகாட்சி, எந்த வானொலி உரையாடல் என்பதை ஒரு படத்தொகுப்பு அறையில் ஓர் இயக்குநரும் அவருடைய ஆட்களும் தீர்மானிக்கிறார்கள். குரல், விளம்பரம், பந்தயத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் உரையாடல், இவ்வளவும்தான் அலைவரிசையின் கையில். முன்பு பல பந்தயங்களின் படத்தை அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சியே எடுத்தது. தன் நாட்டு ஓட்டுநர் பன்னிரண்டாவதாக ஓடினாலும் கமரா அவரைத் தேடிப் போகும். பிறகு போர்முலா ஒன் நிறுவனமே கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தைத் தன் கையில் எடுத்தது. கடைசியாக மிஞ்சிய மொனாக்கோவையும் 2023இல் எடுத்துக்கொண்டது. இது தெரியாமல் எழுதிய என் ஆரம்பகாலப் பத்திகளை இன்று எடுத்துப் பார்த்தால், குற்றம் ஒருவர் மேல், வசை இன்னொருவர் மேல்.

பந்தயத்தை முதல் தடவை சத்தமில்லாமல் பார்ப்பேன். கண்டதை அப்படியே முதல் மடிப்பில் எழுதுவேன். பதிவை இரண்டாம் தடவை பிரெஞ்சிலும் மூன்றாம் தடவை ஆங்கிலத்திலும் போடுவேன். ஒரு பந்தயத்துக்கு ஒரு நாள் போய்விடும். வீட்டில் சண்டையும் வரும். ஆனாலும் இதைச் செய்யாமல் எழுதுவதற்கு எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

மூன்றாவது மடிப்பு கனகாலம் வெறுமையாகவே கிடந்தது. அதில் என்ன எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியவைத்தவர் செபஸ்தியன் வெட்டல்.

2012 மார்ச் 25, மலேசியப் பந்தயம். இங்கே விடிய நாலு மணி, யன்னலுக்கு வெளியே இருட்டு. மழையில் பந்தயம் நிறுத்தப்பட்டபோது, எச்.ஆர்.ரி. என்ற ஆகக் கடைசி அணியின் வண்டியில் நரேன் பத்தாவது இடத்தில் நின்றார். மழை ரயரோடு தொடங்கியதன் பலன். அந்த இடம் நிலைக்காது என்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்னால், தன்னை ஒரு சுற்று முந்திப்போன வெட்டலின் பின்சில்லில் நரேனின் முன்பக்கம் பட்டு ரயர் போனது. நாலாவதாக ஓடிய உலகச் சாம்பியன் பதினொன்றாவதாக முடித்தார். பந்தயத்துக்குப் பிறகு நரேனை வெள்ளரிக்காய் என்றார். ஜெர்மன் வழக்கில் அது கையாலாகாத ஓட்டுநரைக் குறிக்கும் சொல். நடுவர்கள் தண்டித்தது நரேனைத்தான், இருபது செக்கன். நான் வெட்டலின் திமிரைப் பற்றி எழுதினேன். அந்தத் தண்டனை சரியா பிழையா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கு எவரும் போன் எடுத்துக் குறை சொல்லமாட்டார்கள். எங்கள் தொழிலில் சாய்வு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

ஏழு வருடம் கழித்து அதே வெட்டல் என் யன்னலுக்கு எதிரே வந்தார். 2019 ஜூன் 9. பெராரியில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவர், 48ஆவது சுற்றில் மூன்றாம் நாலாம் வளைவில் பிடி நழுவிப் புல்லில் போனார். திரும்பித் தடத்துக்கு வந்தபோது ஹமில்ட்டனைச் சுவர்ப் பக்கம் நெருக்கினார். பாதுகாப்பில்லாமல் தடத்துக்குத் திரும்பினார் என்று ஐந்து செக்கன் தண்டனை. கோட்டை முதலில் தாண்டியவர் வெட்டல், வென்றவர் ஹமில்ட்டன். வெட்டல் போய், வண்டிகளுக்கு முன்னால் நின்ற 1, 2 பலகைகளை இடம் மாற்றி வைத்தார். இத்தாலியர் நிறைந்த நகரம் இது, மேடையை நோக்கி ஊளைச் சத்தம் எழுந்தது.

தண்டனை நூறு வீதம் சரி, வெட்டல் வேண்டுமென்றே செய்தார் என்று கடுமையாக எழுதினேன். மெதுவோட்ட மறுகாட்சியில் ஸ்டியரிங்கில் அவருடைய கைகள் என்ன செய்தன என்று வரி வரியாக விளக்கினேன். பத்திரிகை வந்து இரண்டு நாள் கழித்து வேறொன்றைத் தேடப்போய்க் கொப்பியைப் புரட்டினேன். முதல் மடிப்பில், சத்தமில்லாமல், சாதாரண வேகத்தில் பார்த்தபோது என் கையாலேயே எழுதிய வரி இருந்தது: “புல்லிலிருந்து வழுக்கி வருகிறார். சில்லுகளுக்குப் பிடி இல்லை. போக வேறு இடம் இருந்ததா?”

அந்த வரிக்கும் அச்சில் வந்த பத்திக்கும் நடுவில் என்ன நடந்தது என்று வெகுநேரம் யோசித்தேன். ஒன்று, மெதுவோட்டம். ஒரு செக்கனைப் பத்துச் செக்கனாக இழுத்தால் அனிச்சையாக அசைந்த கைகூடத் திட்டமிட்டு அசைந்ததாகத் தெரியும். ஓட்டுநருக்கு யோசிக்க நேரம் இருந்ததுபோல ஒரு மயக்கம் வரும். அதைப் பார்க்கிற எவரும் இதில் விழுவார்கள், நடுவர்களும் இதோடு போராடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் நான் விழுந்ததற்கு மற்றக் காரணம் வெள்ளரிக்காய். ஏழு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த ஒரு சொல், வேறொரு நாட்டில், வேறொரு வண்டியில், நரேனே இல்லாத ஒரு பந்தயத்தில் என் பேனையைப் பிடித்து எழுதியிருக்கிறது.

தண்டனை சரியென்றே இன்றும் வாதாடலாம், பிழையென்றும் வாதாடலாம். ஆனால் நான் அன்று வாதாடவில்லை, பழி தீர்த்தேன். அடுத்த இதழில் கொப்பி வரியையும் அச்சில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதினேன். வெட்டல் மேல் எனக்கு இருந்த கோபத்தின் கதையையும் சொன்னேன். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. இப்படி எழுதினால் இனி எவன் உம்மை நம்புவான் என்று கேட்டார். கராஜ் அண்ணை மட்டும் போன் எடுத்து, இப்பதான் தம்பி நீர் எழுதத் தொடங்கியிருக்கிறீர் என்றார்.

அதிலிருந்து மூன்றாவது மடிப்பின் முதல் வரி, பந்தயம் தொடங்க முன் எழுதப்படும்: இன்று யார் வெல்ல வேண்டும் என்று விரும்புகிறேன், யார் தோற்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒளிக்காமல் பெயரை எழுதுவேன். பத்தியின் தலைப்புக்குக் கீழே அதை அச்சிடவும் கேட்டேன். இடமில்லை என்று இரண்டு தடவை வெட்டினார்கள், மூன்றாம் தடவை விட்டார்கள்.

2021 மே, மொனாக்கோ. ரயர் மாற்றும் இடத்திலிருந்து வெளியே வந்த வெட்டலும், அவரோடு கஸ்லியும் மேட்டில் சில்லோடு சில்லு ஒட்டி ஏறுகிறார்கள். மொனாக்கோவில் வருடத்துக்கு ஒருமுறை கிடைத்தாலும் பெரிது என்கிற காட்சி. அந்த நேரம் பார்த்துப் படம் வெட்டி, நீச்சல்குள வளைவில் லான்ஸ் ஸ்ட்ரோல் விளிம்புக் கல்லில் ஏறிப்போனதைக் காட்டியது. உலகமே கொதித்தது. ஸ்ட்ரோல் மொன்றியல் பிள்ளை, ஆகவே எங்களுக்கு இரண்டு மடங்கு போன். உங்கட கனடா ரி.வி.க்கு மூளையில்லையா என்று லண்டனிலிருந்துகூடக் கேட்டார்கள். அந்தப் படம் மொனாக்கோத் தொலைக்காட்சியின் கையிலிருந்து எல்லா நாட்டுக்கும் போனது, கனடாவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்று விளக்கியே அந்தப் பத்தி முடிந்தது. என் மூன்றாவது மடிப்பில் அன்று எழுதியது இது: “எனக்குக் கோபம் வரவில்லை. தவறிப்போனது வெட்டலின் நல்ல நேரம் என்பதாலா?” அதையும் அச்சில் போட்டேன்.

ஸ்ட்ரோலைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. 2017 ஜூனில், பதினெட்டு வயதில், இந்தத் தீவில் அவர் ஒன்பதாவதாக வந்து தன் முதல் புள்ளிகளை எடுத்தார். ஜாக் வில்னெவுக்குப் பிறகு ஒரு கனடியர் எடுத்த முதல் புள்ளி. எங்கள் மாடியில் எதிர்வீட்டுப் பெரியவர் நடைபாதைக்கு வந்து கத்தினார். 1978 ஒக்ரோபர் குளிரில், சென் ஜோன் ஊரில் பிறந்த, ஜாக்கின் தகப்பன் ஜில் வில்னெவ் பெராரியில் முதல் வெற்றி எடுத்ததை அந்தத் தீவிலேயே நின்று பார்த்த மனிதர். அவருடைய கண் கலங்கியிருந்தது. ஒன்பதாவது இடத்துக்கு இவ்வளவு ஆரவாரமா, வர்ணனை நிலை தடுமாறிவிட்டதே என்று அந்தக் கிழமை பத்தியை எழுதி முடித்தும்விட்டேன். அனுப்புவதற்கு முன், நாலாவது இடத்துக்கு, ஆறே வண்டி ஓடிய பந்தயத்தில், ரொறன்ரோவுக்குப் போன் எடுத்துக் கத்திய ஒருவனின் ஞாபகம் வந்தது. ஆரவாரத்தைப் பற்றிய பந்தியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அந்த ஆரவாரத்துக்குள் எத்தனை தடவை முதல் இடத்துக்கான நிலைமையை மறந்தார்கள் என்பதை மட்டும் எழுதினேன். சந்தோசப்படுவது குற்றமில்லை. சந்தோசத்தில் பார்வையாளருக்குத் தகவல் தராமல் விட்டால் அதுதான் எழுதவேண்டிய குறை.

பழைய கொப்பிகளைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. சென்னையில் பிறந்த கருண் சந்தோக், 2010இல் இதே தடத்தில் ஓடியவர், 2019இலிருந்து ஸ்கை தொலைக்காட்சியில் பகுத்தாய்கிறார். மற்ற எல்லாக் குரலிலும் ஏதோ ஒரு குறை எழுதியிருந்த நான், அவரைப் பற்றி ஒரு மாற்றுச் சொல் எழுதியதில்லை. நல்லாகச் செய்கிறார் என்பது உண்மை. ஆனால் மற்றவர்களின் பேச்சைக் கேட்ட காதால் அவருடைய பேச்சை நான் கேட்கவில்லை.

2025 ஜூன் 15. யன்னலில் நல்ல வெயில், காற்று எங்கள் பக்கம். கொப்பியின் மூன்றாவது மடிப்பில் முதல் வரி: “பியாஸ்ட்ரி வெல்லவேண்டும்.” கடைசிச் சில சுற்றுகளில், நேர்ப்பாதையில், நோரிஸ் தன் சொந்த அணித் தோழன் பியாஸ்ட்ரியின் பின்சில்லில் மோதிச் சுவரில் போய் இடித்தார். ஒரே நிற வண்டிகள் இரண்டு. சத்தம் நிறுத்தியிருந்தேன். “நோரிஸின் பிழை. இல்லாத இடத்துக்குள் போனார்” என்று முதல் மடிப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

பிறகு குரலோடு கேட்டபோது, வண்டியிலிருந்து இறங்க முன்னமே நோரிஸ் பிழை தன்னுடையதென்று வானொலியில் ஒப்புக்கொண்டிருந்தார். நான் எழுதியது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரியை எழுதிய கை, பியாஸ்ட்ரி வெல்லவேண்டும் என்று எழுதிய அதே கை. நோரிஸ் முன்னால் ஓடி, பின்னாலிருந்து பியாஸ்ட்ரி அதே இடத்தில் மோதியிருந்தால் அவ்வளவு விரைவாகக் கோடு போட்டிருப்பேனா என்று நினைத்தேன். தீவில் சத்தம் அடங்கியிருந்தது. மெற்றோவால் சனம் லொங்குய்ய் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. கோட்டை அழிக்கவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அடுத்த கிழமை பத்தி அந்தக் கேள்விக்குறியோடுதான் போனது.